நாலே கால் பஸ்

தவசிமுத்துவின் ஷூவில் அடிப்பாகம் கழன்றது.
அவ்வளவுதான்.
குனிந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்,
பஸ் படிக்கு இரண்டடி முன்னால், மண்ணில்.
பின்னால் நின்ற ரஃபிக்குல் உட்கார்ந்தான்.
அவனுக்குப் பின்னால் நேபாளத்துக்காரர்கள்.
ஷார்ஜா, சஜா கேம்ப், மஞ்சள் விளக்கு.
முந்நூற்று நாற்பது பேர் உட்கார்ந்து முடிக்க
நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் டைம்கீப்பர்.
ஏறியவன் வந்தவன், ஏறாதவன் வராதவன்.
உட்கார்ந்திருப்பவனுக்குப் போட
என்னிடம் குறி இல்லை.

யாரும் கோஷம் போடவில்லை.
எந்த மொழியில் போடுவது?
அத்தனை பேருக்கும் பொதுவாய்த் தெரிந்தது
ஒரே ஒரு அரபுச் சொல்: மாஃபி.
இல்லை.
சம்பளம் மாஃபி, ஐந்து மாதமாக.
கேஸ் மாஃபி, பன்னிரண்டு நாளாக.
அடுப்பில் பூனை தூங்குது என்பார்கள் ஊரில்,
வறுமையைச் சொல்ல.
மூன்றாம் பிளாக் சமையலறையில் நிஜமாகவே தூங்கியது,
பர்னர் மேல் சுருண்டு,
சாம்பல் நிறத்தில் ஒன்று.

முன்பே எனக்குத் தெரியும்.
குர்தீப் கைக்கடிகாரத்தை எழுபது திர்ஹத்துக்கு விற்றுவிட்டு
வெறும் மணிக்கட்டைப் பார்த்து மணி சொல்லிக்கொண்டிருந்தான்.
இருளப்பனுக்குக் கமுதியிலிருந்து
வட்டிக்காரன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான்:
இருளப்பன் வீட்டுக் கதவு,
அதில் வட்டிக்காரனின் பூட்டு.
இதற்கெல்லாம் என் பட்டியலில் கட்டம் கிடையாது.
மாத அறிக்கையில் நான் தட்டியது
"கேம்ப் அமைதியாக இருக்கிறது."

எட்டு மணிக்குப் போலீஸ் வந்தது.
லெப்டினன்ட் கெட்டவர் இல்லை.
தண்ணீர்ப் பெட்டிகளை இறக்கச் சொன்னார்,
தானும் ஒரு பாட்டில் எடுத்து வெயிலில் நின்றே குடித்தார்.
அவர் அரபியில் சொன்னதை டிரைவர் இந்தியில் சொல்ல
நான் தமிழில் சொன்னேன்:
"அமைதியைக் கெடுக்க வேண்டாமாம்."
இருளப்பன் நிமிர்ந்து பார்த்தான்.
"எந்த அமைதிய, அண்ணே?
நாங்க வாய மூடிக்கிட்டு கெடந்தமே, அதையா?"

அதற்கு இந்தி எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு ஒரு கல் பறந்தது.
ஒரே ஒரு கல்.
மெஸ் ஹால் கண்ணாடி, பெரிய சத்தம்,
பூனை கூரைக்கு ஓடியது.
எறிந்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது.
அதுவரை அது சம்பளத்தின் கதை.
அதற்குப் பிறகு கோப்பில்
கல்லின் கதை மட்டும்தான் இருந்தது.
கண்ணாடியின் விலை எழுதப்பட்டது, நானூற்றைம்பது.
ஐந்து மாதத்தின் விலையை யாரும் கேட்கவில்லை.

"யார் முதலில் உட்கார்ந்தது?"
ஷூ, என்றேன்.
டிரைவர் அதை அரபியாக்கினான், எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்தான்.
சிரித்து முடித்ததும் என் முன்னால்
வெள்ளைத்தாள் ஒன்று வைக்கப்பட்டது.
எனக்குப் பெயர்கள் தெரியும், அறை எண்கள் தெரியும்.
எனக்கும் ஐந்து மாதம் பாக்கி.
எழுதினேன்.
பதினொரு பெயர். முத்தான கையெழுத்து என்பார்கள்
என் எழுத்தை.

பத்தாம் நாள் இரண்டு மாதச் சம்பளம் வந்தது.
கேஸ் வந்தது. பூனைக்குத்தான் இடம் போனது.
பதினொரு பேரும் விமான நிலையம் போனார்கள்,
தவசிமுத்து ரப்பர் செருப்போடு.
வேனில் ஏறும்போது என்னிடம் வந்து
"ஒங்களுக்கும் போட்டாங்களா சம்பளம்?" என்றார்.
கேலியில்லை. நிஜமாகவே கேட்டார்.
நான் தலையை ஆட்டினேன்,
ஆமாம் என்றா இல்லை என்றா
அவருக்குப் புரியாதபடி.

மிச்சம் மூன்று மாதம் அடுத்த மாதம்
என்றார்கள், போன மாதம்.

இன்றும் நாலே கால்.
பஸ் உறுமி நிற்கிறது, வரிசை நகர்கிறது,
நான் டிக் போடுகிறேன்.
நடுவில் ஒரு பையன், புதிதாக வந்தவன், ஒடிசாக்காரன்,
சட்டென்று குனிந்தான்.

வரிசை நின்றது.
டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.
காவலாளியின் கை வாக்கிடாக்கிக்குப் போனது.
என் பேனா காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே.
முந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
அவன் விரல்களையே பார்த்தோம்.

கயிற்றைக் கட்டிக்கொண்டு
எழுந்து
பஸ்ஸில் ஏறினான்.